வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை



2010-ல் வந்த 'டாய் ஸ்டோரி 3' கார்ட்டூன் படத்தில் ஆண்டி காலேஜுக்குப் புறப்படும்போது, அவன் தாய் காலியான அறையைப் பார்த்துக் கலங்குவாள். பாரூரில் நமக்குத் தனி அறை ஏது? பிள்ளை ஓசூர் கம்பெனிக்குப் போனால், சுருட்டி வைத்த பாய்தான் மிச்சம்.

அன்னாள் பால் மறந்த சாமுவேலைச் சீலோவில் ஏலியிடம் விட்டுவந்தாள் (1 சாமு. 1). ஆனாலும் வருஷந்தோறும் சட்டை தைத்துக் கொண்டுபோனாள் (2:19). போன வருஷத்து அளவு இந்த வருஷம் சேராதே! பிள்ளை வளர்ந்துட்டான் என்று ஒத்துக்கொண்டுதானே துணியை வெட்டியிருப்பாள்? நாமோ 20 வயசு மகளிடம் போனில் 10 வயசு அளவிலேயே பேசி அதட்டுகிறோம்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் பிள்ளைகளின் பெயரை எழுதிக் கொண்டுவாருங்கள். இப்போதைய வயதையும் சேர்த்து எழுதுங்கள்.