ஈயம் நீங்கிய பெட்ரோலும் பழைய ஜீப்பு வண்டியும்

வண்டலூரினின்று படப்பை வழியாக வாலாஜாபாத் நோக்கிச் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோயிலினின்று ஸ்ரீபெரும்புதூருக்குச் செல்லும் சாலையும் ஒன்றையொன்று கடக்குமிடம் ஒரகடம். ஏரிகளும் வயல்களுமாயிருந்த இப்பக்கம் மோட்டார்த் தொழிலுக்குப் பேர்பெற்றதாய் மாறியது நம் காலத்து நிகழ்ச்சி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டிலும், ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் கூட்டுத் தொழிற்சாலையில் 2010-ஆம் ஆண்டிலும் கார்கள் உருவாகத் தொடங்கின. இவ்வாலைகளினின்று வெளிப்போந்த பெட்ரோல் எஞ்சின்களெல்லாம் ஈயமற்ற பெட்ரோலுக்கென்றே பிறந்தவை. ஆயின் நம் கல்லூரியின் பழைய மாணவருள் சிலர் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டிகளைப் பேணி வருகின்றனர். ஈயங்கலந்த பெட்ரோலைக் குடித்து வளர்ந்த அவ்வெஞ்சின்களை இக்கால எரிபொருளுக்கு இசைவிப்பது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அவ்வண்டிகளுள் இரண்டு இந்நாட்டில் பெரிதும் அறியப்பட்டவை. ஒன்று, மஹீந்திரா நிறுவனத்தார் 1949-ஆம் ஆண்டு முதல் பம்பாயில் பாகங்களைக் கூட்டி வெளியிட்ட வில்லிஸ் ஜீப்பு. யுத்தகாலத்து வில்லிஸ் எஞ்சின் நான்கு சிலிண்டர்களும் 2,199 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதன் அமுக்க விகிதம் 6.48-க்கு 1. மற்றொன்று ஜபல்பூரிலுள்ள படைத்துறை வாகன ஆலை 1969-ஆம் ஆண்டு முதல் சுமார் முப்பது ஆண்டுகள் இயற்றிய ஜோங்கா. இது நிஸ்ஸான் பேட்ரோல் வண்டியின் அமைப்பைத் தழுவியது. ஆறு சிலிண்டர், 3,956 கன சென்டிமீட்டர். நிஸ்ஸான் பெயர் ஒரகடத்துக்கு வருவதற்கு நாற்பதாண்டு முன்னரே நம் சேனையின் மலைப்பாதைகளில் அதன் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது என்பதை இளைஞர் பலர் அறியார். சேனை ஏலத்தில் விட்ட ஜோங்காக்களை வாங்கியோர் பலர் பெட்ரோல் செலவுக்கு அஞ்சி அவ்வெஞ்சினைக் கழற்றியெறிந்து டீசல் எஞ்சினைப் பொருத்தினர். ஆதலின் பிறந்த எஞ்சினோடு எஞ்சிநிற்பவை அருமையானவை. அவற்றைக் கெடுத்துவிட்டால் மாற்றுக் கிடைப்பது எளிதன்று.

பெட்ரோலில் ஈயம் ஏன் புகுந்தது? சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவை, பிளக்கின் பொறி பரவுமுன் தானே வெடித்தால் 'நாக்கிங்' என்னும் தட்டொலி எழும். பிஸ்டனும் நாளடைவில் சிதையும். 1921-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் டெட்ராஎதில் ஈயம் என்னும் திரவத்தைச் சிறிது கலந்தால் இக்குற்றம் நீங்குமெனக் கண்டார். 1923-இல் அது விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டிலேயே அதனை ஆக்கிய ஆலைகளில் தொழிலாளர் சிலர் சித்தங்கலங்கி மாண்டனர். எச்சரிக்கை அவ்வளவு தெளிவாயிருந்தும் உலகம் அதனைக் கைவிட ஒரு நூற்றாண்டு பிடித்தது. கடைசியாக அல்ஜீரியா நாடு 2021-ஆம் ஆண்டில்தான் நிறுத்தியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்யுமென்பது ஐயமற நிலைநாட்டப்பட்ட உண்மை. நம் நாட்டில் சென்னை முதலிய நான்கு பெருநகரங்களில் 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஈயமற்ற பெட்ரோல் வந்தது. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவி ஈயம் பட்டால் செயலற்றுப் போவதே அதற்கு உடனடிக் காரணம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் விற்பனை நின்றது.

ஈயம் தட்டொலியைத் தடுத்ததோடு வேறொரு தொண்டும் செய்துவந்தது. எரிந்தபின் அதன் உப்புக்கள் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்திலும், வால்வு வந்து அமரும் சீட்டிலும் மெல்லிய படலமாய்ப் படிந்து, இரும்பும் இரும்பும் நேரே தொடாமற் காத்தன. படலம் இல்லையாயின், செக்கச் சிவந்த வெப்பத்தில் வால்வு சீட்டின்மேல் அறையுந்தோறும் நுண்ணிய இடங்களில் இரண்டும் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் திறக்கும்போது மெல்லிரும்பின் துணுக்குகள் பிய்ந்து வரும். அத்துணுக்குகள் உப்புத்தாள்போல் சீட்டை மேலும் தேய்க்கும். இவ்வாறு வால்வு சிறுகச் சிறுகத் தன் இருக்கையுள் அமிழும். வார்ப்பிரும்பிலேயே சீட்டு கடையப்பட்ட எஞ்சின்களுக்கே இவ்விடர் பெரிது. கடினமான உலோக வளையம் பதித்த எஞ்சின்களுக்கு அச்சமில்லை.

இந்நோயை அறிய எஞ்சினைப் பிரிக்க வேண்டுவதில்லை. வால்வு அமிழ அமிழ அதன் தண்டு தன்னைத் தள்ளும் உறுப்பை நெருங்கும். எனவே டேப்பட் இடைவெளி குறையும். ஃபீலர் கேஜ் கொண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளியைக் கையேட்டில் கண்ட அளவுக்கு வைத்து, 1,000 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருதல் வேண்டும். எண் மாறாதிருப்பின் யாதொன்றும் செய்ய வேண்டா. மெக்கானிக்குகள் சிலர் கேட்ட மாத்திரத்தில் ஹெட்டைக் கழற்ற முற்படுவர். அளந்து பாராமல் அதற்கு உடன்படுதல் பொருள் விரயம். அடங்கிய வேகத்தில் வாரமொருமுறை ஓடும் வண்டியில் தேய்வு மிகக் குறைவு. பாரமேற்றி நெடுஞ்சாலையில் விரைந்து ஓட்டும்போதே அது மிகும்.

இடைவெளி குறைந்துகொண்டே வருமாயின் சீட்டு மாற்றுதலே உறுதியான பரிகாரம். ஜோங்காவில் வால்வுகள் ஹெட்டில் உள்ளன. ஹெட்டை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பலாம். வில்லிஸின் பழைய எஞ்சினிலோ வால்வுகள் பிளாக்கின் பக்கத்தே நிற்பன. பிளாக் முழுவதுமே மேசையேற வேண்டும். ஆனால் முன்னரே வளையம் பதிக்கப்பட்டுள்ளதா என்பதை முதலிற் கண்டறிக. வளையத்துக்கெனக் குடையும்போது தண்ணீர் ஓடும் அறையின் சுவர் மெலிந்தோ உடைந்தோ போகுமாயின் அவ்வார்ப்பு அத்துடன் பாழ். ஆதலின் இவ்வேலையைப் பழகிய கைகளுக்கே கொடுத்தல் வேண்டும். வளையத்தை நன்கு குளிரவைத்துச் சுருக்கி, இறுக்கமாக அடித்திறக்கி, பின்னர்ச் சாய்வு கடைந்து வால்வைப் பேஸ்டிட்டுத் தேய்ப்பர். பெட்ரோலில் கலக்கும் மாற்று மருந்துகளும் உண்டு. சோடியம், பொட்டாசியம், மாங்கனீஸ் முதலியவற்றின் சேர்மங்கள் அவற்றில் இருக்கும். குறித்த அளவே போதும். விமானப் பெட்ரோலைத் தேடிக் கலப்போர் அதில் ஈயமே உளதென்பதை மறந்தனர் போலும்!

இனி டைமிங். வில்லிஸ் எஞ்சினின் தாழ்ந்த அமுக்கத்துக்கு இக்காலப் பெட்ரோல் வேண்டியதற்கு மேற்பட்ட ஆக்டேன் உடையது. அதன் டைமிங்கைத் தொடாதிருப்பதே நன்று. விலையுயர்ந்த பெட்ரோல் ஊற்றுவதாலும் பயனில்லை. ஜோங்காவில் மேட்டேற்றத்தில் கல்லுருள்வது போன்ற ஓசை கேட்குமாயின், முதலில் சிலிண்டரில் படிந்த கரியையும் பெட்ரோலின் தூய்மையையும் ஐயுறுக. பின்னரே டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி, விளக்கிட்டுப் பார்த்து, இரண்டிரண்டு பாகையாகப் பொறியைப் பின்தள்ளலாம். ஓசை நின்றவிடத்தே நிறுத்துக. அளவுக்குமேல் பின்தள்ளினால் கலவை காலந்தாழ்ந்து எரிந்து எக்ஸாஸ்ட் வால்வின் வெப்பம் ஏறும். காக்க முயன்ற சீட்டையே அது தின்றுவிடும்.

கார்புரேட்டரின் நிலை வேறு. 2025-ஆம் ஆண்டளவில் நாடெங்கும் பம்புகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் என்றாயிற்று. எத்தனால் தட்டொலியை நன்கு அடக்கும். அவ்வகையில் ஈயத்தின் பழைய வேலையை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் வால்வின் சீட்டுக்கு அதனால் காப்பில்லை. மேலும் அதில் ஆக்ஸிஜன் உள்ளமையால் தூய பெட்ரோல் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டுமிடத்து, இக்கலவைக்குச் சுமார் 13.5 பங்கே போதும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் கலவை மெலிந்து, முடுக்கும்போது தயங்கும். மெயின் ஜெட்டின் துளை விட்டத்தை ஏறத்தாழ 4 விழுக்காடு பெருக்கினால் ஓட்டம் 8 விழுக்காடு கூடிச் சமன்படும். ஆனால் இருக்கும் ஜெட்டைக் குடையாமல் அடுத்த அளவு ஜெட்டை வாங்கி மாட்டுக. குடைந்த துளையை மீளச் சுருக்க இயலாது. ஐட்லிங் கலவையைப் புகைச் சோதனை நிலையத்துக் கருவியின் முன்னிலையில் திருத்துதல் நலம். இவ்வகைப் பழைய வண்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு 3 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது.

எத்தனால் பழைய ரப்பரை ஊதவைத்து இளகச் செய்யும். பெட்ரோல் குழாய்கள், பம்பின் டயாஃப்ரம், கார்புரேட்டர் வாஷர்கள் ஆகியவற்றை எத்தனாலுக்கேற்ற வகையாக மாற்றிவிடுக. சூடான எஞ்சின்மேல் ஒரு குழாய் கசிந்தால் வண்டியே எரியும். டாங்கியின் அடியில் பல்லாண்டாகப் படிந்த துருவையும் பசையையும் அது கரைத்துக் கொணரும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் ஃபில்டரை இருமுறையேனும் மாற்ற நேரிடும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் வண்டி நிற்குமாயின், எத்தனால் ஈர்த்த நீர் அடியிற் பிரிந்து தங்கும். அத்தகைய டாங்கியை முழுதும் வடித்து, புதுப் பெட்ரோல் ஊற்றிய பின்னரே ஸ்டார்ட் செய்க.