கரை மட்டும் போதுமா?

பஞ்சாப் மாநிலம் நமது நாட்டின் வடமேற்கில் உள்ளது. கோதுமைக்குப் பெயர் பெற்ற மாநிலம் அது. அங்கே கபூர்தலா மாவட்டத்தில் சுல்தான்பூர் லோதி என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. ஊரை ஒட்டி ஓர் ஆறு ஓடுகிறது. அதன் பெயர் காளி பெயின். காளி என்றால் கறுப்பு என்று பொருள்.

இது பெரிய ஆறு அல்ல. இதன் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். ஹோஷியார்பூர் மாவட்டத்தில் பிறக்கிறது. கபூர்தலா மாவட்டம் வழியாக ஓடுகிறது. பியாஸ் ஆறும் சட்லெஜ் ஆறும் கூடும் இடத்தின் அருகே போய்ச் சேருகிறது.

சிறிய ஆறுதான். ஆனால் சீக்கியர்களுக்கு இது புனிதமான ஆறு. சீக்கிய சமயத்தை நிறுவியவர் குரு நானக். அவர் இளம் வயதில் சுல்தான்பூர் லோதியில் வாழ்ந்தார். அங்கே ஒரு தானியக் கிடங்கில் வேலை பார்த்தார். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பு, இந்த ஆற்றில் குளிக்கப் போனபோது அவருக்கு ஞானம் கிடைத்தது என்று சீக்கியர்கள் நம்புகிறார்கள்.

ஆற்றங்கரையில் பேர் சாகிப் என்ற குருத்வாரா இருக்கிறது. பேர் என்றால் இலந்தை. அங்கே ஓர் இலந்தை மரம் நிற்கிறது. அது குரு நானக் நட்ட மரம் என்று சொல்கிறார்கள். ஒரு மரத்தின் பெயரையே கோயிலுக்கு வைத்த ஊர் இது.

ஆறு எப்படிக் கெட்டது?

இவ்வளவு பெருமை உள்ள ஆறு. ஆனாலும் அது கெட்டுப் போனது. ஒரே நாளில் கெடவில்லை. சிறிது சிறிதாகக் கெட்டது.

ஆற்றின் இரு பக்கமும் பல ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்களின் சாக்கடை நீர் ஆற்றில் விழுந்தது. நகரங்களின் கழிவு நீரும் விழுந்தது. குப்பையையும் ஆற்றில் கொட்டினார்கள். சில இடங்களில் ஆற்று நிலத்தைப் பிடித்துப் பயிர் செய்தார்கள். மேலிருந்து வரும் நல்ல தண்ணீரும் குறைந்து போனது.

"நம் வீட்டுத் தண்ணீர் கொஞ்சம்தானே?" என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். எல்லோருடைய கொஞ்சமும் சேர்ந்தது. ஆறு சாக்கடையாக மாறியது.

கழிவு நீரில் ஆகாயத்தாமரை செழித்து வளரும். அது தண்ணீரின் மேல் பாய் விரித்தது போல மூடிக்கொள்ளும். வெயில் உள்ளே போகாது. தண்ணீருக்குள் இருக்கும் அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்னும். அப்போது அவை தண்ணீரில் கலந்துள்ள பிராணவாயுவைச் செலவழித்து விடும். மீன்கள் மூச்சு விட வழி இல்லாமல் செத்துப் போகும்.

காளி பெயினிலும் இதுதான் நடந்தது. சில இடங்களில் ஆறு வறண்டது. சில இடங்களில் தண்ணீர் ஓட வழியின்றித் தேங்கியது. புனித ஆறு என்று சொன்னார்கள். ஆனால் அதில் கால் வைக்க முடியவில்லை.

வேலை தொடங்கியது

2000ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு வேலை தொடங்கியது. அதைத் தொடங்கியவர் சந்த் பல்பீர் சிங் சீச்சேவால். அவர் ஒரு சீக்கியத் துறவி. ஜலந்தர் மாவட்டத்தில் உள்ள சீச்சேவால் கிராமத்தைச் சேர்ந்தவர். அதற்கு முன்பே மக்களைச் சேர்த்துக் கிராமச் சாலைகள் போட்டவர்.

சீக்கியர்களிடம் 'சேவை' என்ற வழக்கம் உண்டு. கூலி வாங்காமல் பொது வேலை செய்வதே சேவை. சீச்சேவால் முதலில் தாமே ஆற்றில் இறங்கினார். அவருடன் சிலர் இறங்கினார்கள். இதைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

ஆகாயத்தாமரையைக் கையால் பிடுங்கினார்கள். கூடையில் சுமந்து கரையில் போட்டார்கள். சேற்றை அள்ளினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்தார்கள். சிலர் டிராக்டர் கொடுத்தார்கள். சிலர் பணம் கொடுத்தார்கள். வெளிநாட்டில் வாழும் பஞ்சாபியரும் உதவினார்கள். வேலை செய்தவர்களுக்கு ஊர் மக்களே சாப்பாடு போட்டார்கள்.

இது ஒரு மாதத்தில் முடிந்த வேலை அல்ல. பல ஆண்டுகள் நடந்தது. பின்பு அரசும் உதவிக்கு வந்தது. மேலே உள்ள கால்வாயிலிருந்து ஆற்றில் தண்ணீர் திறந்து விடப்பட்டது. ஆறு மறுபடியும் ஓடியது.

கரை பசுமையானது

சுல்தான்பூர் லோதியில் ஆற்றுக்குப் படித்துறை கட்டினார்கள். கரையில் நடப்பதற்குப் பாதை போட்டார்கள். கரை நெடுக மரங்கள் நட்டார்கள். நிழல் மரமும் நட்டார்கள், பழ மரமும் நட்டார்கள். நாற்றங்கால் வைத்து மரக்கன்று வளர்த்தார்கள். அதை மக்களுக்குக் கொடுத்தார்கள்.

கரையில் மரம் எதற்கு? அழகுக்கு மட்டும் அல்ல. மரத்தின் வேர் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழையில் கரை சரியாது. நிழல் இருந்தால் தண்ணீர் அதிகம் சூடாகாது. பறவைகள் வந்து தங்கும். மனிதர்களும் மாலையில் வந்து உட்காருவார்கள். மக்கள் வந்து போகிற கரையில் குப்பை கொட்ட ஆட்கள் தயங்குவார்கள்.

2006ஆம் ஆண்டு அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அங்கே சென்றார். ஆற்றைப் பார்த்தார். மக்கள் செய்த வேலையைப் பாராட்டினார். 2017ஆம் ஆண்டு சீச்சேவாலுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சாக்கடைக்கு என்ன வழி?

படித்துறை வந்தது. மரம் வந்தது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. சாக்கடை நீரை ஆற்றில் விடக்கூடாது என்றால், வேறு எங்கே விடுவது? வீட்டில் தண்ணீர் புழங்காமல் இருக்க முடியுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஆற்றைக் காப்பாற்ற முடியாது. அதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள்.

1. வீடுகளின் கழிவு நீர் எல்லாம் மண்ணுக்கு அடியில் உள்ள குழாயில் சேரும்.

2. குழாய் நீர் ஊருக்கு வெளியே உள்ள தொட்டிகளுக்குப் போகும். அங்கே கனமான அழுக்கு அடியில் படியும். மேலே மிதப்பதை எடுத்து விடுவார்கள்.

3. பிறகு தண்ணீர் ஒரு பெரிய குளத்திற்குப் போகும். அங்கே வெயிலிலும் காற்றிலும் சில நாள் நிற்கும். மேலும் தெளியும்.

4. தெளிந்த நீரை மோட்டார் வைத்து இறைத்து வயலுக்குப் பாய்ச்சுவார்கள். அந்த நீரில் பயிருக்கு வேண்டிய சத்து உண்டு. அதனால் உரச் செலவு குறையும். நிலத்தடி நீரை இறைப்பதும் குறையும்.

கிராமத்துக் கழிவு நீருக்கு இந்த வழி பொருந்தும். ஆனால் இந்த நீர் குடிப்பதற்கு ஆகாது. தொழிற்சாலைக் கழிவுக்கும் இந்த வழி போதாது. அதில் இரசாயனம் கலந்திருக்கும். அதற்குத் தனிச் சுத்திகரிப்பு நிலையம் வேண்டும். பெரிய ஊர்களுக்கும் அப்படித்தான். அதை அமைப்பது நகராட்சியின் வேலை. அரசின் வேலை.

வேலை முடிந்ததா?

இல்லை. ஆறு சுத்தமான பிறகும் காளி பெயினில் மீன்கள் செத்து மிதந்தது உண்டு. ஒரு முறை அல்ல, பல முறை அப்படி நடந்தது. கரையில் மரம் இருந்தது. பாதை இருந்தது. படித்துறையும் இருந்தது. பிறகு ஏன் மீன் செத்தது? மேலே இருக்கும் ஊர்களிலிருந்து கழிவு நீர் மறுபடியும் வந்து கலந்தது. மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் குறையும்போது கெடுதல் இன்னும் அதிகமானது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கரையை அழகாக்குவது பாதி வேலைதான். மறு பாதி நம் கண்ணில் படாது. அது மண்ணுக்கு அடியில் இருக்கும் குழாய். அதைப் படம் எடுக்க யாரும் வர மாட்டார்கள். ஆனால் ஆறு பிழைப்பது அதனால்தான்.

இன்னொன்றும் தெரிகிறது. ஓர் ஊர் மட்டும் திருந்தினால் போதாது. மேலே உள்ள ஊர் விடும் தண்ணீரே கீழே உள்ள ஊருக்கு வருகிறது. நமக்குக் கீழேயும் ஓர் ஊர் இருக்கிறது. ஆகவே எல்லா ஊர்களும் சேர வேண்டும்.

உங்கள் ஊரிலும் ஆறோ ஏரியோ வாய்க்காலோ இருக்கும். ஒரு நாள் அதன் கரை ஓரமாக நடந்து பாருங்கள். எந்தெந்த இடத்தில் சாக்கடை விழுகிறது என்று எண்ணுங்கள். ஒரு தாளில் எழுதுங்கள். நாலு பேராகச் சேருங்கள். கிராமசபையில் அதைப் படித்துக் காட்டுங்கள். நகரமாக இருந்தால் வார்டு உறுப்பினரிடம் கொடுங்கள். எழுதப் படிக்கக் கற்றது இதற்கும் பயன்படட்டும்.

சொல்லும் பொருளும்

குருத்வாரா – சீக்கியர்களின் கோயில்
ஆகாயத்தாமரை – தண்ணீரில் மிதந்து வளரும் களைச்செடி
பிராணவாயு – உயிர்கள் சுவாசிக்கும் காற்று
நாற்றங்கால் – கன்றுகளும் நாற்றுகளும் வளர்க்கும் இடம்

பதில் எழுதுங்கள்

1. காளி பெயின் ஆறு எந்த மாநிலத்தில் ஓடுகிறது?
2. கழிவு நீர் கலந்தால் மீன்கள் ஏன் சாகின்றன?
3. கரையில் மரம் நடுவதால் வரும் நன்மைகளில் இரண்டை எழுதுங்கள்.

கூடிப் பேசுங்கள்

உங்கள் வீட்டுக் கழிவு நீர் எங்கே போகிறது? அது கடைசியில் எங்கே சேருகிறது? அங்கே இருப்பவர்கள் யார்?