பழைய கைக்கடிகாரத்துக்கு விலை சொல்வது எப்படி?

பழைய பொருள்கள் விற்கும் கடையொன்றில் இரண்டு கைக்கடிகாரங்கள் அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் 1980களில் தயாரித்த ஒரே மாதிரியைச் சேர்ந்தவை. ஒன்று புதியதுபோல் மின்னுகிறது, சரியாக ஓடுகிறது. மற்றொன்றின் உறையெங்கும் கீறல்கள், முட்கள் அசையவில்லை. கடிகாரங்களைப் பல ஆண்டுகளாகச் சேகரித்துவரும் ஒருவர் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பிறகு, நின்றுபோன கடிகாரத்துக்கே கூடுதல் விலை தர முன்வருகிறார். கடைக்காரருக்கு வியப்பு. ஆனால், சேகரிப்பாளர் கணக்குத் தெரியாதவர் அல்லர்.

அவர் எடுத்தது குவார்ட்ஸ் குரோனோகிராஃப் என்னும் வகையைச் சேர்ந்த கடிகாரம். நேரம் காட்டுவதோடு, ஓட்டப்பந்தயத்தில் பயன்படும் நிறுத்துக்கடிகாரத்தைப்போல் கால அளவையும் அளந்து காட்டுவது குரோனோகிராஃப். பக்கவாட்டில் உள்ள பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் அது அளக்கத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். மற்றொரு பொத்தானை அழுத்தினால் முட்கள் பூச்சியத்துக்குத் திரும்பும். குவார்ட்ஸ் என்பது ஒருவகைப் படிகம். மின்கலத்திலிருந்து மின்சாரம் பாயும்போது அது சீராக அதிரும். கைக்கடிகாரத்தில் உள்ள படிகம் பொதுவாக விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது என்ன விந்தையான எண் என்று கேட்கத் தோன்றும். பதினைந்து இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கிப் பாருங்கள். கடிகாரத்தின் மின்சுற்று அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கி, விநாடிக்கு ஒரே ஒரு துடிப்பாக மாற்றுகிறது. அத்துடிப்பு சிறு மோட்டாரை இயக்குகிறது. மோட்டார் முள்ளை நகர்த்துகிறது.

சாவி கொடுத்து இயக்கும் நல்ல கடிகாரம்கூட ஒரு நாளில் சில விநாடிகள் முந்தலாம் அல்லது பிந்தலாம். சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரமோ ஒரு மாதத்தில் ஏறத்தாழ 15 விநாடிகள்தான் பிசகும். எனவே, நேரத்தைச் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக மட்டும் ஒரு பழைய குவார்ட்ஸ் கடிகாரத்துக்கு யாரும் கூடுதல் பணம் தருவதில்லை. ஓடுகின்ற எல்லாமே சரியாகத்தான் காட்டும்.

குவார்ட்ஸ் கைக்கடிகாரம் முதலில் மலிவான பொருளாக இருக்கவில்லை. 1969 டிசம்பர் 25ஆம் நாள் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரான்’ என்ற கடிகாரத்தைத் தோக்கியோவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விலை 450,000 யென். அக்காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய காரே வாங்கியிருக்கலாம். அடுத்த பத்தாண்டுகளில் படிகத்தின் விலையும் மின்சுற்றின் விலையும் சரிந்தன. மலிவும் துல்லியமும் ஒன்றுசேர்ந்தபோது சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழில் ஆட்டம் கண்டது. 1970இல் அந்நாட்டில் ஏறத்தாழ 90,000 பேர் அத்தொழிலில் இருந்தனர். 1980களின் நடுப்பகுதியில் அவர்களில் பாதிப்பேர்கூட அதில் இல்லை.

விலை இறங்கியபோது அக்கறையும் இறங்கியது. மின்கலம் தீர்ந்தால் கடிகாரத்தை இழுப்பறையில் போட்டுவிட்டுப் புதியது வாங்குவது வழக்கமாயிற்று. இழுப்பறையில் கிடந்த கடிகாரத்துக்குள் தீர்ந்த மின்கலம் கசிந்து, மின்சுற்றை அரித்தது. இப்படித்தான் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட மாதிரிகளில் நல்ல நிலையில் மிஞ்சியவை குறைந்துபோயின. அரிதாகிவிட்டதால் மட்டும் விலை ஏறிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் தேடாத பொருள் உலகிலேயே ஒன்றுதான் இருந்தாலும் அதற்கு விலை இல்லை.

சேகரிப்பாளர்கள் விரும்பித் தேடும் மாதிரிகளில் முக்கியமானது சீக்கோவின் 7ஏ28. இது கடிகாரத்துக்குள் இருக்கும் இயந்திரத்தின் பெயர். முட்களால் காட்டும் குவார்ட்ஸ் குரோனோகிராஃப்களில் உலகில் முதலாவது இதுவே என்று சீக்கோ 1983இல் இதை அறிமுகப்படுத்தியது. இதன் பற்சக்கரங்கள் உலோகத்தால் ஆனவை. அவை தேயாமல் சுழல்வதற்காக 15 மணிக்கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு மீண்டும் பூட்டுவதற்கு ஏற்றவாறு இதைச் செய்திருந்தார்கள். பின்னாளில் வந்த மலிவான இயந்திரங்கள் பலவற்றில் பிளாஸ்டிக் பாகங்கள் புகுந்தன. பழுதானால் முழு இயந்திரத்தையும் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் பொருத்துவதே எளிது என்றாயிற்று. பழுதுபார்க்க முடியும் என்ற ஒரே காரணத்துக்காகவே 7ஏ28க்குத் தனி மதிப்பு உண்டு.

கதையும் விலையை ஏற்றும். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோர்ஜெட்டோ ஜுஜாரோ இவ்வகையில் ஒரு கடிகாரத்தை வடிவமைத்தார். 1986இல் வெளிவந்த ‘ஏலியன்ஸ்’ திரைப்படத்தில் நடிகை சிகர்னி வீவர் அதை அணிந்திருந்தார். அன்று முதல் அந்த மாதிரிக்குத் தனி ரசிகர்கள். மற்றொரு மாதிரியைப் பிரிட்டிஷ் விமானப்படை 1984 முதல் தன் விமானக் குழுவினருக்கு வழங்கியது. அதன் பின்மூடியில் அம்புக்குறியும் 6645-99 என்று தொடங்கும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளே இருப்பது கடையில் விற்ற கடிகாரத்தில் உள்ள அதே வகை இயந்திரம்தான். ஆயினும், அந்தப் பொறிப்பு இருந்தால் விலை பல மடங்கு உயரும். அதனாலேயே அதைப் போலியாகப் பொறித்து விற்பவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே, வாங்குபவர் முகப்பைப் பார்ப்பதற்கு முன் பின்மூடியைப் படிக்க வேண்டும். சீக்கோ கடிகாரங்களின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இயந்திரத்தையும் உறையையும் குறிப்பது. மற்றொன்று வரிசை எண். அக்கால வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது இலக்கம் மாதத்தையும் காட்டும். 45 என்று தொடங்கினால், நான்கில் முடியும் ஓர் ஆண்டின் மே மாதம். எந்த நான்கு? 7ஏ28 அறிமுகமானதே 1983இல் என்பதால் 1974ஆக இருக்க முடியாது. மாதிரி எந்த ஆண்டுகளில் விற்பனையில் இருந்தது என்று தெரிந்தவருக்கு விடை உடனே கிடைத்துவிடும். பின்மூடியில் ஒரு மாதிரியின் எண்ணும் முகப்பில் வேறொரு மாதிரியின் வடிவமும் இருந்தால், பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

கடையில் மின்னிய அந்தக் கடிகாரத்துக்கு நேர்ந்தது அதுதான். அதன் முகப்பு அண்மையில் செய்யப்பட்ட நகல். உறையைத் தேய்த்து மெருகேற்றியதில் கூர்மையான விளிம்புகள் வழுவழுப்பாகிவிட்டன. கீறலோடு வாழலாம், தேய்ந்துபோன உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. முட்களில் உள்ள பூச்சும் இருட்டில் நன்றாக ஒளிர்ந்தது. புதிதாகப் பூசியதற்கு அது ஓர் அடையாளம். சுவிஸ் கடிகாரங்கள் பலவற்றில் அக்காலத்தில் டிரிட்டியம் கலந்த பூச்சைப் பயன்படுத்தினார்கள். முகப்பின் அடியில் உள்ள சிறிய ‘டி’ எழுத்து அதைக் காட்டும். டிரிட்டியத்தின் வீரியம் ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அது பளிச்சென்று ஒளிர்ந்தால் நம்பக்கூடாது.

இனி, நின்றுபோன கடிகாரத்துக்கு வருவோம். மின்கலம் தீர்ந்ததாக இருக்கலாம். பல குவார்ட்ஸ் கடிகாரங்களில், மின்கலம் தீரும் தறுவாயில் விநாடி முள் இரண்டு விநாடிகளுக்கு ஒருமுறை தாவும். அதைக் கண்டு கடிகாரம் கெட்டுவிட்டது என்று குறைந்த விலைக்கு விற்றவர்கள் உண்டு. ஆனால், பழுது அதைவிடப் பெரியதாகவும் இருக்கலாம். மோட்டாருக்குள் தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பி சுற்றப்பட்டிருக்கும். மின்கலத்தை மாற்றும்போது திருப்புளி சற்று வழுக்கினாலும் அது அறுந்துவிடும். எனவே, பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்வதே நல்லது. பச்சை நிறத்தில் படிந்திருந்தால் மின்கலம் கசிந்திருக்கிறது. 2017 ஜூலையில் மூடப்படும்வரை, சிங்கப்பூரின் சுங்கை ரோடு சந்தையில் பழைய கடிகாரங்களைத் தரையில் பரப்பி விற்றார்கள். அத்தகைய இடத்தில் திறந்து பார்ப்பது எப்போதும் இயலாது. திறக்காமல் வாங்குபவர் அந்த ஐயத்துக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேட்பார்.

அந்தக் கணக்கை எண்களில் பார்க்கலாம். எண்கள் புரிதலுக்காகத் தரப்பட்டவை. அதே மாதிரியில் மூலப் பாகங்களுடன், நன்றாக ஓடும் ஒன்று அண்மையில் 600 வெள்ளிக்கு விற்றிருக்கிறது என்று கொள்வோம். விற்பவர்கள் கேட்ட விலையைக் கணக்கில் எடுக்கக்கூடாது. யாராவது உண்மையில் கொடுத்த விலையே கணக்கு. அதிலிருந்து பழுதுபார்க்கும் கூலி 150 வெள்ளியையும், உலோகப் பட்டையில் காணாமற்போன கண்ணிகளுக்கு 50 வெள்ளியையும் கழிக்க வேண்டும். மின்சுற்று செயலிழந்திருக்கலாம் என்ற அச்சத்துக்கு இன்னொரு 100 வெள்ளி. மீதி 300. மின்னும் கடிகாரத்துக்கோ, உள்ளே இருக்கும் இயந்திரத்தைத் தவிர வேறு மதிப்பில்லை. அதற்கு அவர் 200 வெள்ளிக்கு மேல் தரமாட்டார்.

பேரத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. தாத்தாவின் கடிகாரத்தை விற்க வரும் ஒருவருக்குப் பின்மூடி எண்ணின் பொருள் தெரிந்திருக்காது. வாங்குபவருக்குத் தெரியும். அவர் வாய்மூடி இருக்கலாம். சட்டம் பொதுவாக அதைத் தடுப்பதில்லை. ஆனால், சேகரிப்பாளர்களின் வட்டம் சிறியது. ஒருமுறை அப்படி வாங்கியவர் என்று பெயரெடுத்தவரிடம் அடுத்த நல்ல கடிகாரம் வருவதில்லை.

வாங்கிய பிறகு ஒரு முடிவு காத்திருக்கிறது. 7ஏ28க்கான புதிய மின்சுற்றுகள் கடையில் எளிதில் கிடைப்பதில்லை. ஒன்றை உயிர்ப்பிக்க, இன்னொன்றைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். கடையில் மின்னிய அந்தக் கடிகாரத்தையும் சேகரிப்பாளர் 200 வெள்ளிக்கு வாங்கினார் என்றால், அது அதற்காகத்தான்.