பொட்டலம் பொட்டலமாகப் போகும் கணக்கு

சரக்குப் போக்குவரத்தைப் பற்றி வியாபாரிகளாகிய நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விருதுநகரில் ஏற்றிய பருப்பு மூட்டை ஈரோட்டுக்கு எப்போது போய்ச் சேரும், வழியில் எந்த லாரி ஷெட்டில் இறக்கி ஏற்றுவார்கள், ஒரு மூட்டை குறைந்தால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் அதே பருப்புக்குக் கம்ப்யூட்டரில் போட்டு அனுப்பிய பில் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால், "நெட்டில் போகிறது" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நெட் நின்றால் கையைப் பிசைகிறோம். கல்லாவுக்கு முன்னால் பத்துப் பேர் நிற்க, பில் போடும் பையன் ரவுட்டரை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

இன்று நம் பணம், இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் இந்தக் கம்பி வழியாகத்தான் போகின்றன. வழி தெரியாமல் சரக்கு அனுப்புகிறவனை நாமே வியாபாரி என்று ஒப்புக்கொள்ள மாட்டோம். எனவே இந்த வழியையும் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். எஞ்சினியர் அளவுக்கு வேண்டாம். எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கும் அளவுக்குப் போதும்.

முதலில் கடைக்குள் இருப்பது. கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், மாடியில் கணக்கரிடம் ஒன்று, கோடவுனில் ஒன்று, ஒரு பில் பிரிண்டர். இவற்றை ஒரு சிறிய பெட்டியில் கம்பி போட்டு இணைத்திருப்பார்கள். அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில் பாப் மெட்காஃப் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட் என்ற முறைதான் இன்னும் நம் கடைகளில் ஓடுகிறது. கம்பியை அறுத்துப் பார்த்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக இருக்கும். இந்த முறுக்குக் காரணமில்லாமல் இல்லை. பக்கத்துக் கம்பியின் இரைச்சல் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். இந்தக் கம்பி ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. தெருக்கோடியில் கோடவுன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். நீளம் மீறினால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. வயரிங் ஆள் "எல்லாம் சரியாகத்தான் இருக்கு" என்பார்.

கம்பி வேண்டாம், வைஃபை போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஜவுளிக்கடைக்கு ஒத்துவரலாம். மளிகைக் கோடவுனில் எண்ணெய் டின், இரும்பு ரேக், தண்ணீர் கேன் அடுக்கு இவையெல்லாம் வைஃபைக்குச் சுவர் மாதிரி. காலி கோடவுனில் நன்றாக வந்த சிக்னல், தீபாவளிச் சரக்கு இறங்கியதும் காணாமல் போவது இதனால்தான். பில் போடும் மிஷினுக்குக் கம்பியே உத்தமம்.

கம்பி போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு மிஷினுக்கும் விலாசம் வேண்டும். இரண்டு விலாசங்கள் உண்டு. ஒன்று, தயாரிக்கும்போதே பதித்து அனுப்புகிற மேக் விலாசம். அது பிறந்த மச்சம் மாதிரி. மற்றொன்று ஐ.பி. விலாசம். இது ரவுட்டர் கொடுப்பது. காலையில் வரிசையில் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பதுபோல, மிஷினைப் போட்டவுடன் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணை ரவுட்டர் கொடுக்கிறது. டோக்கன் நேற்று 12 என்றால் இன்று 15 ஆக இருக்கலாம். மனிதர்களுக்கு இது பரவாயில்லை. பிரிண்டருக்கு ஆகாது. பில் போடும் சாஃப்ட்வேர் 12-ஐத் தேடிக்கொண்டிருக்கும். பிரிண்டரோ 15-ல் உட்கார்ந்திருக்கும். கரண்ட் போய் வந்த மறுநிமிடம் "பிரிண்டர் ரிப்பேர்" என்று ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுக்கிற கடைகள் பல. பிரிண்டருக்கும், கணக்கு இருக்கும் முதன்மைக் கம்ப்யூட்டருக்கும் மாறாத எண் போட்டுத்தரச் சொல்லி, அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கல்லாவுக்குள் ஒட்டிவைத்தால் இந்தச் செலவு மிச்சம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைக்குள் இருக்கும் இணைப்பு வேறு, வெளியே போகும் இன்டர்நெட் வேறு. கணக்குக் கடையிலுள்ள கம்ப்யூட்டரிலேயே இருந்தால், தெருவில் யாரோ கேபிளைத் தோண்டி அறுத்தாலும் நம் பில் நிற்க வேண்டியதில்லை. கணக்கு வெளியூர்க் கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேர் என்றால் நிற்கும். சாஃப்ட்வேர் விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "நெட் இல்லாவிட்டால் பில் வருமா?" என்பதுதான். வரும் என்றால் வயரைக் கழற்றி அவர் கண்முன்னே போட்டுப் பார்க்கவும்.

இனி வெளியூர்ப் பயணம். விருதுநகர் மண்டியிலிருந்து ஈரோட்டுக் கடைக்கு மெயிலில் ஒரு பில் அனுப்புகிறோம். கம்ப்யூட்டருக்கு எழுத்தே தெரியாது. ஒன்று, பூஜ்யம் இரண்டுதான் தெரியும். எட்டு ஒன்று-பூஜ்யம் சேர்ந்தது ஒரு பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கு இடம் கூடுதல். "அரிசி" என்று தமிழில் அடித்தால் வழக்கமான முறையில் 15 பைட் ஆகும். நம் பில் மொத்தம் 60,000 பைட் என்று வைத்துக்கொள்வோம்.

இதை ஒரே மூட்டையாக அனுப்புவதில்லை. மளிகைக்காரர்கள் கடலையை மடிக்கிற மாதிரி, பொட்டலம் பொட்டலமாக மடிக்கிறார்கள். இங்கிலீஷில் பாக்கெட் என்பார்கள். ஒரு பொட்டலத்தின் அளவு சாதாரணமாக 1,500 பைட். அதில் விலாசம் எழுதவே 40 பைட் போய்விடும். மீதி 1,460-ல் சரக்கு. கணக்குப் போட்டால் 60,000 பைட் பில்லுக்கு 42 பொட்டலங்கள் வரும். ஒவ்வொன்றின் மேலும் அனுப்புகிறவர் எண், பெறுகிறவர் எண், தன் வரிசை எண் எல்லாம் இருக்கும். எல்.ஆர். காப்பி ஒட்டாத பொட்டலம் ஒன்றுகூட இல்லை.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? பழைய டிரங்க் கால் நினைவிருக்கிறவர்களுக்கு எளிதில் புரியும். மதுரைக்குக் கால் போட்டால் அந்த லைன் முழுவதும் நமக்கே. நாம் பேசாமல் ரசீதைத் தேடிக்கொண்டிருந்தாலும் வேறொருவர் அதில் பேச முடியாது. ஒருவருக்காக லாரியை முழுதாகப் பிடித்து, பாதி காலியாக ஓட்டுகிற மாதிரி. பொட்டலமாக்கிவிட்டால் ஒரே ரோட்டில் ஆயிரம் பேர் சரக்கு கலந்து போகலாம். இந்த யோசனை 1960-களில் அமெரிக்காவில் பால் பாரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் ஆகிய இருவருக்கும் தனித்தனியே தோன்றியது. 1969 அக்டோபர் 29-ல் கலிபோர்னியாவில் இரண்டு ஊர்களிலிருந்த கம்ப்யூட்டர்களுக்கிடையே முதல் செய்தி போயிற்று. "லாகின்" என்று அடிக்கத் தொடங்கினார்கள். முதல் இரண்டு எழுத்துப் போனதும் மறுமுனை படுத்துவிட்டது. ஆரம்பமே அப்படி. பிறகு விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் வகுத்த முறை வளர்ந்து, 1983 ஜனவரி 1 முதல் அந்த வலை முழுவதிலும் அமலுக்கு வந்தது. டி.சி.பி., ஐ.பி. என்று நாம் கேள்விப்படுவது அதைத்தான். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் 1995 ஆகஸ்ட் 15-ல் வந்தது.

42 பொட்டலங்களும் நம் ரவுட்டரிலிருந்து கிளம்பி, இன்டர்நெட் கம்பெனியின் பெரிய ரவுட்டருக்குப் போகின்றன. ரவுட்டர் என்பது லாரி ஷெட் புக்கிங் கிளார்க் மாதிரி. முழு வழியும் அவருக்குத் தெரியாது. விலாசத்தைப் பார்த்து, "இது அந்தப் பக்கம்" என்று அடுத்த ஷெட்டுக்குத் தள்ளிவிடுவதே அவர் வேலை. ஒரு ரோடு அடைபட்டால் அடுத்த பொட்டலத்தை வேறு ரோட்டில் விடுவார். அதனால் 7-ம் பொட்டலம் 6-க்கு முந்திப் போகலாம். வழி தவறிச் சுற்றிக்கொண்டே இருக்கும் பொட்டலத்துக்கும் ஏற்பாடு இருக்கிறது. கிளம்பும்போதே அதன்மேல் ஓர் எண் எழுதியிருக்கும். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் அங்கேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். நம் ஊர் லாரி ஷெட்டுகளில் வருஷக்கணக்கில் கிடக்கும் கேட்பாரற்ற பார்சல்களுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் தேவலை.

ரவுட்டர்கள் எதற்கும் உத்தரவாதம் தருவதில்லை. கூட்டம் அதிகமானால் பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். அப்படியானால் பில் முழுதாகப் போய்ச் சேருவது எப்படி? உத்தரவாதம் இரண்டு முனையில் இருக்கும் கம்ப்யூட்டர்களிடம் இருக்கிறது. முதலில் "அனுப்பலாமா?", "அனுப்பு, நானும் பேசலாமா?", "பேசு" என்று மூன்று வார்த்தை பேசிக்கொண்டுதான் சரக்கே கிளம்பும். பெறுகிற கம்ப்யூட்டர் வந்தவற்றுக்கு ரசீது போட்டுக்கொண்டே இருக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் 19-க்கு ரசீது வரவில்லையென்றால், அனுப்பியவர் 19-ஐ மறுபடி அனுப்புவார். கடைசியில் வரிசைப்படி அடுக்கி மேலே கொடுக்கும். சரக்கை அனுப்பியதோடு விடாமல் ரசீது கையில் வந்தபின் கணக்கை முடிக்கிற பழைய மண்டிக் கணக்குப்பிள்ளை முறையேதான் இது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் ஜி.எஸ்.டி. தளத்தின் பெயரை அடிக்கிறோம். பொட்டலத்தின்மேல் எண்தான் எழுத முடியும். பெயரைக் கொடுத்து எண்ணைக் கேட்க டி.என்.எஸ். என்ற டைரக்டரி 1983 முதல் இருக்கிறது. வாட்ஸ்அப் போகிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பல சமயம் கம்பி நன்றாகவே இருக்கும், டைரக்டரிதான் பதில் சொல்லாமல் இருக்கும்.

வேகத்திலும் ஒரு ஏமாற்றம் உண்டு. "100 எம்.பி. பிளான்" என்று விற்பது 100 மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட். கிராம் கணக்கில் விலை சொல்லிப் பவுன் கணக்கில் நினைக்க வைப்பது போன்றது இது. ஏமாற்று என்று சொல்வதற்கில்லை. அந்தத் தொழிலில் அளவே அப்படி.

இப்போது நம் வயிற்றைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். 2016-ல் வந்த யு.பி.ஐ. இன்று பெட்டிக்கடை வரை நுழைந்துவிட்டது. வாடிக்கையாளர் அட்டையை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டதும், செய்தி அவர் ஆப் வழியாக வங்கிக்கும், அங்கிருந்து நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் கம்ப்யூட்டருக்கும் போகிறது. அது வாடிக்கையாளர் வங்கியிடம் "பற்று வை" என்கிறது. பிறகு நம் வங்கியிடம் "வரவு வை" என்கிறது. இருவரும் சரி என்றபின் இரு பக்கமும் தகவல் சொல்கிறது. நம் கல்லாவில் பேசும் ஸ்பீக்கர் பெட்டிக்கு உள்ளே தனி சிம் இருக்கிறது. அதற்குத் தகவல் வருவது இந்தப் பயணத்தின் கடைசித் துண்டு.

இந்த வரிசையை மனதில் வைத்தால் தினசரித் தகராறு பாதி குறையும். ஸ்பீக்கர் பேசாததாலேயே பணம் வரவில்லை என்று ஆகாது. சிம்முக்கு சிக்னல் இல்லாமலிருக்கலாம். அதேபோல, வாடிக்கையாளர் திரையில் பச்சை டிக் தெரிந்ததாலேயே பணம் வந்துவிட்டது என்றும் ஆகாது. அது அவர் பக்கத்து முனை. போலியாக அப்படிக் காட்டும் ஆப்களும் உலவுகின்றன. நமக்குச் சாட்சி நம் வங்கிக் கணக்கு ஒன்றுதான். நம் செல்லில் வரவைப் பார்த்துவிட்டுச் சரக்கைக் கொடுப்பதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

நடுவழியில் அறுந்தால்? வாடிக்கையாளர் கணக்கில் பற்று விழுந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராமல் போனால், வேலை நடந்த நாளுக்குப் பின் ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்திருக்கிறது. வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்துவதற்குப் பதில், அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணை இருவரும் குறித்துக்கொள்வதே வழி. அந்த எண்தான் இந்தப் பயணத்தின் எல்.ஆர். நம்பர். அதை வைத்து எந்த வங்கியும் தேடிச் சொல்ல முடியும்.

வழி இருந்தால் திருடனும் வருவான். 2017 மே 12-ல் தொடங்கிய வான்னாக்ரை என்ற கிருமி 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபோல்டரைப் பகிர்ந்துகொள்ளும் வாசல் வழியாகத்தான் அது மிஷின் விட்டு மிஷின் தாவியது. உள்ளே புகுந்ததும் ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். "அப்டேட்" என்று திரையில் வருவதைப் பையன் மூடிவிடுகிறானா என்று ஒரு நாள் பாருங்கள்.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுக்கிற கடைகள், ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக இருப்பதைத் திறந்து கொடுக்க வேண்டும். கடைக் கம்ப்யூட்டர் இருக்கும் அதே இணைப்பைக் கொடுப்பது, வருகிறவரையெல்லாம் கல்லாவுக்கு உள்பக்கம் நிற்க வைப்பதாகும். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். பெட்டிக்கு அடியில் அச்சிட்டிருப்பது கடைக்கு வரும் எவர் கண்ணிலும் படும்.

கணக்கின் நகலைத் தனி டிஸ்க்கில் எடுத்துவைக்கும் நல்ல பழக்கம் நம்மில் பலருக்கு இருக்கிறது. ஆனால் அந்த டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே செருகி விட்டுவிடுகிறார்கள். இம்மாதிரிக் கிருமி வந்தால் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இரவு நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி, சாவிக் கொத்தோடு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு டிஸ்க் வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி எடுத்தால் இன்னும் நல்லது.