ஒரு கதவும் நாற்பது கதவுகளும்



பரங்கிமலையை அடுத்த ஆதம்பாக்கத்தில், தனி வீடுகள் இருந்த மனைகளில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுவதைக் காணலாம். அப்படிப்பட்ட கட்டடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தரைமட்டத்தில் வண்டி நிறுத்துமிடம். மேலே நான்கு மாடிகள். மாடிக்கு இரண்டு வீடுகள். வீடு ஒவ்வொன்றுக்கும் வாசற்கதவு ஒன்று, அறைக் கதவுகள் இரண்டு, குளியலறைக் கதவுகள் இரண்டு. மொத்தம் 40 கதவுகள். இத்தனையையும் கட்டடக்கலைஞர் தனித்தனியாகவா வரைகிறார்?

காகிதத்தில் வரைந்த காலத்தில் ஏறத்தாழ அப்படித்தான். ஒரு கதவின் அகலத்தை மாற்றினால் தளப்படம், வெட்டுப்படம், கதவுப் பட்டியல் எல்லாவற்றையும் தேடித் திருத்த வேண்டும். ஓரிடத்தில் மறந்தாலும் போதும்; தச்சர் தவறான அளவில் நிலையைச் செய்து கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

இன்று கணிப்பொறியில் கட்டடத்தையே மாதிரியாக அமைக்கும் மென்பொருள்கள் உள்ளன. ரெவிட் என்பது அவற்றுள் ஒன்று. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. இதில் கதவு, சன்னல், தூண் ஆகியவை ‘குடும்பம்’, ‘வகை’, ‘தனிப்பொருள்’ என்ற மூன்று படிகளில் அமைகின்றன.

உங்கள் பள்ளிச் சீருடையை நினைத்துப் பாருங்கள். சட்டையின் தையல் முறை ஒன்றுதான், அது குடும்பம். 32, 34, 36 என்பவை அளவு வகைகள். மைக்கறையோடு நீங்கள் அணிந்திருக்கிறீர்களே, அந்த 34ஆம் எண் சட்டை ஒரு தனிப்பொருள். கறை உங்கள் சட்டைக்கு மட்டுமே உரியது. மார்பளவோ 34ஆம் எண் சட்டைகள் அனைத்துக்கும் பொது.

கணிப்பொறி வருமுன்பே இந்த முறை நம் தச்சுப் பட்டறைக்கு வந்துவிட்டது என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். மரநிலைகளுக்கான இந்தியத் தரம் 4021இல் ‘8 டிஎஸ் 20’ என்பது போன்ற குறியீடுகள் உண்டு. ‘டி’ கதவைக் குறிக்கும். ‘எஸ்’ ஒற்றைக் கதவு. முன்னுள்ள 8 அகலம். பின்னுள்ள 20 உயரம். அலகு 10 செ.மீ. அதாவது, சுவரில் விடும் திறப்பு 800 மி.மீ. அகலமும் 2000 மி.மீ. உயரமும் உடையது. இரட்டைக் கதவானால் ‘டிடி’ என்று வரும். ஒரு பெயரைச் சொன்னால் அளவு முழுவதும் விளங்கிவிடுகிறது!

ஆனால் ‘8’ என்றால் 800 மி.மீ. வழி கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். சுவருக்கும் நிலைக்கும் நடுவே பக்கத்துக்கு 5 மி.மீ. விடுவதால் நிலையின் வெளி அகலம் 790. நிலைக்கால் ஒவ்வொன்றும் 60 மி.மீ. பருமன். இரண்டையும் கழித்தால் 670. நாம் நுழையும் வழி அவ்வளவுதான்! கதவு, நிலையின் காடியில் பக்கத்துக்கு 15 மி.மீ. உட்காருவதால் அதன் அகலம் 700.

இந்தக் கணக்கைக் குடும்பத்துக்குள்ளேயே சூத்திரமாக எழுதிவிடலாம். திறப்பிலிருந்து 10ஐக் கழி, நிலை. நிலையிலிருந்து 120ஐக் கழி, வழி. வழியோடு 30ஐக் கூட்டு, கதவு. 800 என்பதை 1000 ஆக்கினால் நிலை 990, வழி 870, கதவு 900 எனத் தாமாகவே மாறும்.

இனிச் சிக்கலான இடத்துக்கு வருவோம். நம் கட்டடத்தில் குளியலறைக் கதவுகள் 16, எல்லாம் ‘8’. முதல் மாடி வீடொன்றில் சக்கர நாற்காலியில் இயங்கும் பாட்டி ஒருவர் குடிவர இருக்கிறார். மத்திய பொதுப்பணித் துறை 1998இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் சக்கர நாற்காலியின் அகலத்தை 750 மி.மீ. என்று கொண்டு, கதவு வழி 900 மி.மீ. இருக்க வேண்டும் என்கின்றன. 670இல் நாற்காலி நுழையவே நுழையாது. ‘10’ கூட 870தான் தரும். ‘11’ வேண்டும், அதில் வழி 970.

புதிதாகப் பழகுபவர் அந்தக் கதவைத் தொட்டு, வகையின் அகலத்தை 1100 என்று மாற்றிவிடுவார். அகலம் வகைக்குரிய பண்பு அல்லவா? நொடியில் 16 கதவுகளும் விரிந்துவிடும். மூன்றாம் மாடிக் குளியலறையில் நிலை போய்த் தூணில் இடிக்கலாம். அவரோ முதல் மாடிப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்! சரியான வழி, ‘8’ வகையைப் படியெடுத்து, படிக்கு ‘11’ எனப் பெயரிட்டு, அதன் அகலத்தை மாற்றி, பாட்டி வீட்டுக் கதவுக்கு மட்டும் அந்த வகையைக் கொடுப்பதே.

அகலத்தைத் தனிப்பொருளின் பண்பாக வைத்துவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்பீர்கள். வைக்கலாம். பிறகு ஒருவர் 795 என்பார், மற்றொருவர் 805 என்பார். ‘8’ என்ற பெயருக்குப் பொருளே இராது. கதவு இடப்பக்கம் திறப்பதா வலப்பக்கமா, சன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் தொடங்குகிறது என்பவற்றைத் தனிப்பொருளிடம் விடுவதே முறை.

மூலத்தைத் திருத்தினால் படிகள் அனைத்தும் திருந்தும் என்ற இந்த எண்ணம் ரெவிட்டுக்கு மிகவும் மூத்தது. 1963இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவான் சதர்லாண்டு உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ நிரலில், ஒளிப்பேனாவால் திரையில் வரைந்த மூலப்படத்தை மாற்றினால் அதன் படிகளெல்லாம் மாறின.

ஓர் எச்சரிக்கை. திருத்திய குடும்பக் கோப்பை மீண்டும் ஏற்றும்போது, ‘பண்புகளின் மதிப்புகளையும் சேர்த்து மாற்றட்டுமா?’ என்று ரெவிட் கேட்கும். படிக்காமல் ‘ஆம்’ என்றால், அதே பெயருள்ள வகைகளில் நீங்கள் இட்ட அளவுகள் போய், கோப்பில் உள்ள அளவுகள் வந்து உட்காரும்.

செய்து பாருங்கள்: உங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்து, நிலைக்கால்களுக்கு நடுவேயுள்ள வழியை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். மரநிலையானால் அதனுடன் 130ஐக் கூட்டினால் சுவர்த் திறப்பின் அகலம் ஏறத்தாழக் கிடைக்கும். அதை 100ஆல் வகுத்தால் வகையின் எண். முழு எண் வராவிட்டால், நிலைக்காலின் பருமனையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.