கிறிஸ்தவனுக்கு எது வெற்றி?



பரீட்சை முடிவு வரும் நாளில் ஒரு வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். அடுத்த வீட்டில் கதவு சாத்தியிருக்கும். மதிப்பெண், சம்பளம், மாடி வீடு, வெளிநாட்டு உத்தியோகம் ஆகியவற்றைக் கொண்டே உலகம் மனிதனை நிறுக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற நாமும் அதே தராசைப் பிடிக்கலாமா?

அர்ச். மத்தேயு சுவிசேஷம் 25-ம் அதிகாரத்திலுள்ள தாலந்து உவமையைக் கவனியுங்கள். ஐந்து தாலந்து பெற்றவன் மேலும் ஐந்து சம்பாதித்தான். இரண்டு பெற்றவன் மேலும் இரண்டு சம்பாதித்தான். உலகக் கணக்கில் முதல்வனே பெரியவன். எஜமானோ இருவரையும் ஒரே வார்த்தைகளால் புகழ்ந்தான். இருவரையும் ஒரே சந்தோஷத்திற்கு அழைத்தான். அவன் பார்த்தது தொகையை அன்று, பிரமாணிக்கத்தை. ஆனால் பெற்றதைப் புதைத்து வைத்தவன் தண்டிக்கப்பட்டான். ஆகையால் சோம்பேறி இந்த உவமையில் ஒளிந்துகொள்ள முடியாது. உழைப்பது நம் கடமை. பலன் சர்வேசுரன் கையில்.

நம் நாட்டு வேதசாட்சியான அர்ச். தேவசகாயம் பிள்ளையைப் பாருங்கள். 1712-ல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனையில் உத்தியோகம் வகித்தவர். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் வழியாகச் சத்திய வேதத்தை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-ல் சிறைப்பட்டார். உத்தியோகமும் மரியாதையும் போயின. எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் சென்றார்கள். 1752 ஜனவரி 14-ம் தேதி, நாற்பது வயது நிறையுமுன், ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அன்று பார்த்தவர்கள், வாழத் தெரியாதவன் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

2022 மே 15-ம் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: இந்த மகிமையால் அவர் வெற்றி பெற்றவராகவில்லை. அவர் பெயரை உலகம் முழுவதும் மறந்திருந்தாலும், சர்வேசுரன் சமுகத்தில் அவர் 1752-லேயே வென்றவர்.

இனி நம் வீட்டுக் காரியத்திற்கு வருவோம். பெற்றோரே, குறைந்த மதிப்பெண்ணுடன் வரும் பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நோகடிக்காதீர்கள். நேர்மையாய் உழைத்தாயா என்று கேளுங்கள். உழைத்திருந்தால் அணைத்துக்கொள்ளுங்கள், உழைக்கவில்லையென்றால் அன்போடு திருத்துங்கள். வியாபாரம் செய்வோரே, கள்ள எடை போடாததாலும் லஞ்சம் கொடுக்காததாலும் வந்த நஷ்டம் பரலோகக் கணக்கில் நஷ்டமல்ல. நோயாளிகளே, முதியோரே, சம்பாதிக்க முடியாததால் உங்கள் மதிப்பு ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. நீங்கள் ஒப்புக்கொடுக்கும் வேதனை குடும்பத்திற்கே பெரும் ஆஸ்தி.

இவ்வாரம் இரவில் குடும்ப ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று என் கடமையைப் பிரமாணிக்கமாய்ச் செய்தேனா? லாபத்திற்காகவோ பெயருக்காகவோ மனச்சாட்சியை விற்றேனா? என்னிலும் எளியவன் ஒருவனுக்கு இன்று உதவினேனா? பதிலில் குறை இருந்தால் மனஸ்தாபப்படுங்கள், பாவசங்கீர்த்தனத்திற்கு வாருங்கள். கதவு சாத்தியிருக்கும் அந்த அடுத்த வீட்டையும் ஒருமுறை எட்டிப் பார்த்து, ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.

உங்கள் பங்குக் குரு