எஸ்போசிட்டோ: ஒரு பெயரின் கதை

இத்தாலியில் குடும்பப் பெயர் அப்பா வழியாகப் பிள்ளைக்கு வந்தது. அப்பா, அம்மா யாருன்னே தெரியாத குழந்தைக்கு?

நேப்பிள்ஸ் நகரில் அனுன்சியாத்தா தேவாலயத்தோடு ஓர் இல்லம் இருந்தது. அதன் சுவரில் சுழலும் மரப்பெட்டி. வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையை அதில் வைத்துச் சுழற்றுவார்கள். உள்ளே இருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். வைத்தவர் முகம் தெரியாது.

அந்தக் குழந்தைகளுக்கு இட்ட பெயர் 'எஸ்போசிட்டோ'. இதன் லத்தீன் மூலச் சொல்லுக்கு 'வெளியே வைக்கப்பட்டவர்' என்று பொருள். புளோரன்சில் 1445-ல் திறந்த இல்லத்துப் பிள்ளைகளுக்கோ, 'குற்றமற்றவர்' எனப் பொருள்படும் 'இன்னொசென்தி' என்ற பெயர் வந்தது!

நேப்பிள்ஸ் பெட்டி 1875-ல் மூடப்பட்டது. ஆனால் இன்றும் அந்நகரில் அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் எஸ்போசிட்டோதான்.

பெயரைச் சொல்லி யாரையும் கேலி பண்ணாதீங்க. அதற்குள் ஒரு குழந்தையின் கதை இருக்கலாம்!